துக்க வீட்டு நிலம்

கணவனையோ மகனையோ இழந்த பெண்ணின் பெயருக்கு நிலம் வந்து சேர்வதும், அதை விற்கவோ விட்டுக்கொடுக்கவோ சொல்லி உறவு அவளை நெருக்குவதும் பெரும்பாலும் ஒரே காலத்தில் நடக்கின்றன. பதினாறாம் நாள் காரியத்துக்குக் கூடிய பங்காளிகள், கலைவதற்குள் பாகத்தைப் பேசி முடித்துவிட நினைப்பார்கள். கடன்காரருக்கும் அவசரம், பக்கத்து வயல்காரருக்கும் அவசரம். நிதானம் வேண்டியவள் அவள் ஒருத்திதான், அது அப்போது அவளிடம் இருப்பதில்லை. இந்த நெருக்குதலிலிருந்து அவளைக் காக்கத் தமிழர் வாழ்ந்த பகுதிகளில் காலந்தோறும் சில ஏற்பாடுகள் இருந்துவந்தன. அவற்றின் வரலாறு சற்று விசித்திரமானது. நெடுங்காலம் சட்டத்தின் கவலையெல்லாம் நிலம் குடும்பத்தை விட்டுப் போய்விடக் கூடாது என்பதாகவே இருந்தது. நிலத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவளின் கதி அதன் கண்ணில் பட்டது மிகவும் பிந்தித்தான்.

பழைய தரும நூல்களில் கைம்பெண்ணின் இடம் ஒரே சீராக இல்லை. காளிதாசரின் சாகுந்தல நாடகத்தில் கடல் வணிகன் ஒருவன் பிள்ளையின்றி இறக்கிறான். அவன் பொருள் முழுவதும் அரசனுக்குச் சேரும் என்று அமைச்சர் எழுதியனுப்புகிறார். மனைவிமாரில் யாரேனும் கருவுற்றிருக்கிறார்களா என்று அரசன் விசாரிக்கச் சொல்கிறான். பிறக்கப்போகும் பிள்ளைக்கு உரிமை உண்டு, மனைவிக்கு இல்லை என்ற நிலையே அந்தக் காட்சியின் அடிப்படை. யாக்ஞவல்கிய ஸ்மிருதியோ மகனில்லாதவனின் வாரிசு வரிசையில் மனைவியை முதலில் வைத்தது. கல்யாணிச் சாளுக்கியரான ஆறாம் விக்கிரமாதித்தன் (1076–1126) காலத்தில் அதற்கு மிதாக்ஷரம் என்ற உரையை எழுதிய விஞ்ஞானேஸ்வரர் இன்னும் ஒரு படி போனார்: மனைவியும் மகளும் மகள் வயிற்றுப் பேரனும் இல்லாதபோது இறந்தவனின் பெற்றோருக்குச் சொத்து போகும், அவர்களிலும் தந்தையைவிடத் தாயே முந்தியவள் என்றார். வங்காளத்தின் தாயபாகம் இதற்கு மாறாகத் தந்தையை முன்வைத்தது. தென்னாடு மிதாக்ஷரத்தைப் பின்பற்றியதால், மகனை இழந்த தாயின் உரிமை இங்கே ஏட்டளவிலாவது பழமையானது.

ஏட்டளவில் என்று சொல்லக் காரணம் உண்டு. இந்த வரிசையெல்லாம் பாகம் பிரிந்து தனித்து வாழ்ந்தவனின் சொத்துக்குத்தான். கூட்டுக் குடும்பத்தில் ஒருவன் இறந்தால் அவன் பங்கு எஞ்சிய ஆண்களிடம் தானாகச் சேர்ந்துவிடும். அவன் மனைவிக்குச் சோறும் துணியும் தங்க இடமும் மட்டும். அதற்கு ஜீவனாம்சம் என்று பெயர். சொந்தமாக நிலம் வைத்திருந்த பெண்களும் முழுச் சுதந்திரத்தோடு அதைக் கையாண்டதாகச் சொல்ல முடியாது. சோழர் காலக் கல்வெட்டுகளில் பிராமணப் பெண்கள் நிலம் விற்கும்போதும் கொடுக்கும்போதும் ‘முதுகண்’ என்ற ஆண் காப்பாளர் ஒருவர் உடன் வருகிறார். அவளைப் பிறர் ஏமாற்றாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை என்று கொள்ளலாம். அவள் விருப்பப்படி நடந்துவிடாமல் பார்த்துக்கொள்வது என்றும் கொள்ளலாம். இந்த வரலாறு முழுவதும் இந்த இரட்டைத் தன்மை தொடர்கிறது.

யாழ்ப்பாணத்தில் ஏற்பாடு வேறு விதமாக இருந்தது. அங்கே வழங்கிய தேசவழமையை ஒல்லாந்து ஆட்சியில், ஆளுநர் கோர்னெலிஸ் யோவான் சிமோன்ஸின் கட்டளைப்படி, நெடுங்காலம் அந்நாட்டில் பணியாற்றிய கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து 1707 தொடக்கத்தில் ஒப்படைத்தார். தொகுப்பு தமிழில் பெயர்க்கப்பட்டுப் பன்னிரண்டு முதலியார்களின் பார்வைக்கு வைக்கப்பட்டது. பின்னால் வந்த பிரித்தானியர் 1806-இன் 18-ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்குச் சட்ட வலிமை கொடுத்தார்கள்.

தந்தை முதலில் இறந்து சிறுபிள்ளைகள் மிஞ்சினால், பிள்ளைகளை வைத்து வளர்க்கும் தாயிடமே சொத்து முழுவதும் இருக்கும் என்கிறது தேசவழமை. பெண்பிள்ளைகளைக் கட்டிக்கொடுக்கையில் அவள் சீதனம் கொடுக்க வேண்டும். ஆண்பிள்ளைகளோ தாய் உயிரோடிருக்கும்வரை எதுவும் கேட்கக் கூடாது. வாரிசுரிமை உண்டா இல்லையா என்ற வாதத்துக்கே போகாமல், கேட்கும் காலத்தைத் தள்ளிவைத்துவிட்ட விதி இது. தந்தை எஞ்சினால் அவருக்கும் கட்டுப்பாடு இருந்தது. அவர் மறுமணம் செய்ய நினைத்தால் பாட்டன் பாட்டியோ நெருங்கிய உறவினரோ பிள்ளைகளை ஏற்று வளர்ப்பது வழக்கம். இறந்த மனைவியின் சீதனம் முழுவதையும், அந்த இல்வாழ்வில் சேர்ந்த தேடியதேட்டத்தில் பாதியையும் பிள்ளைகளோடு சேர்த்து அவர் கொடுத்துவிட வேண்டும்.

காணி விற்பனைக்கும் ஒரு தடை இருந்தது. விற்க நினைப்பவர் முதலில் வாரிசுகளுக்கும் பங்காளருக்கும், தம் காணியில் ஒற்றி வைத்திருக்கும் அயற்காணிக்காரருக்கும் அறிவிக்க வேண்டும். ஊரில் இருப்பவருக்குக் குறைந்த தவணை, தொலைவில் இருப்பவருக்குக் கூடிய தவணை. அவர்களில் ஒருவர் அதே விலைக்கு வாங்க முன்வந்தால் வெளியாருக்குப் போகாது. ஒல்லாந்தர் காலத்தில் இந்த அறிவிப்பு அடுத்தடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் வாசிக்கப்பட்டது. உறவினருக்குக் காணி தங்க வேண்டும் என்பதே இந்த விதியின் நோக்கம். ஆனாலும் அந்தத் தவணையில் விற்பவரும் மூச்சு விட்டுக்கொள்ள முடிந்தது. சாவு வீட்டுச் சடங்கான எட்டுச் செலவு முடிந்த கையோடு உறுதிப் பத்திரத்தில் ஒப்பம் வாங்கிக்கொண்டு போய்விடுவது அந்த முறையில் எளிதல்ல. முதுமையில் மிச்சச் சொத்தையும் மகன்களிடம் விட்டுவிட்டு, தருவதாகச் சொன்ன பராமரிப்பு கிடைக்காமல் நின்ற பெற்றோரும் உண்டு என்பதை அந்தத் தொகுப்பே மறைக்காமல் சொல்கிறது. 1911-இன் கட்டளைச் சட்டம் வாரிசு முறையைப் பெரிதும் மாற்றியது. விற்கும் காணியை உறவினர் முதலில் வாங்கிக்கொள்ளும் முன்கொள்முதல் உரிமைக்கு 1947-ஆம் ஆண்டின் 59-ஆம் இலக்கச் சட்டம் தனியே வந்தது. அந்த உரிமை இன்றும் யாழ்ப்பாணத் தமிழரின் காணிகளுக்கு உண்டு.

சென்னை மாகாணத்தில் 19-ஆம் நூற்றாண்டு நீதிமன்றங்களின் காலம். கைம்பெண்ணின் உரிமை எவ்வளவு பெரியது என்பதைக் காட்டிய வழக்கு சிவகங்கைச் சீமையுடையது. 1801-இல் கம்பெனியார் ஜமீன்தாராக நியமித்த கௌரி வல்லபத் தேவர் 1829-இல் ஆண் வாரிசின்றி இறந்தார். ஜமீன் அண்ணன் வழி உறவினர் கைக்குப் போனது. மனைவியரும் பிறகு மகள் காத்தம நாச்சியாரும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வழக்காடினார்கள். ஜமீன் அவருடைய தனிச் சம்பாத்தியம், ஆகவே மனைவிக்கும் அவளுக்குப் பின் மகளுக்கும்தான் சேரும் என்று மேல்முறையீட்டில் லண்டன் பிரிவி கவுன்சில் 1863-இல் தீர்த்தது. சொத்தைக் கைக்கொண்ட கைம்பெண் அதன் முழுப் பிரதிநிதி என்பதும் அந்தத் தீர்ப்பில் நிலைபெற்றது.

முழுப் பிரதிநிதி, ஆனால் முழு உடைமையாளர் அல்ல. 1861-இல் மசூலிப்பட்டணம் கலெக்டர் வழக்கில் பிரிவி கவுன்சில் இதைத் தெளிவாக்கியிருந்தது. கணவன் சொத்தை அவள் ஆண்டு அனுபவிக்கலாம், வருமானம் அவளுடையது. விற்கவோ அடமானம் வைக்கவோ சட்டம் ஏற்கும் அவசியம் வேண்டும். கணவனின் கடன், அவனுக்கான கிரியைகள், மகளின் கல்யாணம், சர்க்கார் கிஸ்தி, தன் பிழைப்பு ஆகியவை அவசியம் எனக் கொள்ளப்பட்டன. அவள் இறந்தபின் சொத்து அவளுடைய வாரிசுகளுக்குப் போகாமல் கணவனின் அடுத்த வாரிசுகளுக்குத் திரும்பும். அவர்களைப் பின்னுரிமையாளர் என்றார்கள். மகன் சொத்தை அடைந்த தாய்க்கும் இதே கட்டுத்தான். மகன் சிறுவனாக இருந்து, தாய் காப்பாளராக நின்று கடன் வாங்கினால், கடன் கொடுப்பவர் அவசியம் உண்மைதானா என்று விசாரித்திருக்க வேண்டும் என்பது 1856-இல் அனுமான் பிரசாத் பாண்டே வழக்கிலேயே சொல்லப்பட்டிருந்தது.

இந்த விதி கைம்பெண்ணுக்கு ஒரு கேடயமாக வேலை செய்தது உண்மை. நெருக்கி வாங்கிய கிரயம் நிலைக்காது என்று வாங்குபவருக்குத் தெரியும். அவள் இறந்து பன்னிரண்டு ஆண்டுகள்வரை பின்னுரிமையாளர் வழக்குப் போடலாம். இருபது வயதில் விதவையானவள் எண்பது வயது இருந்தால், அவள் முதலில் எழுதிக்கொடுத்த பத்திரத்தின் மேல் எழுபது ஆண்டுகள் கழித்தும் வழக்கு வரலாம். அவசியம் இருந்தது என்று நிரூபிக்கும் பொறுப்போ வாங்கியவருடையது. பழைய கிரயப் பத்திரங்களில் இன்ன கடனுக்காக, இன்ன கல்யாணத்துக்காக என்று காரணங்கள் விரிவாக எழுதப்பட்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேடயம் அவள் கையையும் கட்டியது. உண்மையான தேவைக்கு விற்கப் போனாலும் விலை படியாது. வழக்கு வரப்போகும் நிலத்துக்கு யார் நல்ல விலை கொடுப்பார்? வாங்குபவர் பின்னுரிமையாளரின் சம்மதக் கையெழுத்தைக் கேட்பார், பின்னுரிமையாளர் அதற்கு விலை கேட்பார். இன்னொரு வழியும் உருவாயிற்று. சொத்து முழுவதையும் அடுத்த வாரிசிடம் அப்போதே ஒப்படைத்துவிட்டு ஒதுங்குவது அது. சட்டத்தின் கண்ணில் அவள் அன்றே இறந்தவள் ஆகிவிடுவாள். கொங்குப் பகுதியிலிருந்து போன ரங்கசாமிக் கவுண்டர் வழக்கில் பிரிவி கவுன்சில் 1918-இல் ஒப்படைப்பையும் சம்மதத்தையும் பிரித்துக் காட்டியது. ஒப்படைப்பு என்றால் சொத்து முழுவதற்கும் உண்மையாக இருக்க வேண்டும். பின்னுரிமையாளரின் சம்மதம் அவசியம் இருந்ததற்கு ஓர் அடையாளம், அவ்வளவே. சட்டம் இவ்வளவு நுட்பமாகப் பேசிய இடத்தில், ஒப்படைக்கச் சொல்லி வீட்டுக்குள் அவளை யார் எப்படி நெருக்கினார்கள் என்ற கேள்விக்கு இடமே இல்லை.

அந்தக் கேள்வியை நேரடியாகச் சந்தித்த சென்னை வழக்கு ஒன்று உண்டு. 1889-இல் உயர் நீதிமன்றம் தீர்த்த ரங்கநாயகம்மா எதிர் ஆழ்வார் செட்டி வழக்கு அது. விதவைக்கு வயது பதின்மூன்று. கணவனின் சடலம் வீட்டில் கிடக்கிறது. ஒரு பையனைச் சுவீகாரம் எடுத்துக்கொள்ளச் சம்மதித்தாலொழியச் சடலத்தை எடுக்க விடமாட்டோம் என்று உறவினர் மறித்து நின்றார்கள். அவள் இணங்கினாள். சுவீகாரத்தின் பொருள் இங்கே முக்கியம்: சுவீகார மகன் வந்த கணத்தில் கணவனின் சொத்தில் அவளுக்கிருந்த உரிமை அவனுக்கு மாறிவிடும். ஆகவே அது பிள்ளை பற்றிய பேச்சாகத் தோன்றினாலும் உள்ளே இருந்தது சொத்துதான். சுதந்திரமான சம்மதம் இல்லாத அந்தச் சுவீகாரம் அவளைக் கட்டுப்படுத்தாது என்று நீதிமன்றம் சொன்னது. இந்தியாவின் ஒப்பந்தச் சட்டப் பாடங்களில் இன்றும் இந்த வழக்கு சொல்லிக்கொடுக்கப்படுகிறது. சாவு வீட்டின் அவகாசமின்மையே ஒரு வற்புறுத்தலாக முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

இத்தகைய தீர்ப்புக்குப் பின்னணியாக 1872-இன் ஒப்பந்தச் சட்டம் இருந்தது. அதன் 16-ஆம் பிரிவு ‘தகாச் செல்வாக்கு’ பற்றிப் பேசுகிறது. ஒருவர் மற்றவரின் மனத்தை ஆட்டிவைக்கும் நிலையில் இருந்துகொண்டு நியாயமற்ற ஆதாயம் அடைந்தால் ஒப்பந்தத்தை ரத்துசெய்யலாம். வயது, நோய், மன வேதனை, உடல் வேதனை இவற்றால் தற்காலிகமாகவேனும் மனத்திறன் குன்றியவரோடு செய்துகொள்ளும் ஒப்பந்தங்கள் இதில் அடங்கும். துக்கம் என்ற சொல் சட்டத்தில் இல்லை. அதன் பொருள் இருக்கிறது. வெளியார் கண்ணில் படாமல் திரைக்குள் இருக்கும் கோஷா முறையில் வாழ்ந்த பெண்கள் எழுதிக்கொடுத்த பத்திரங்களுக்கு நீதிமன்றங்கள் மேலும் ஒரு பாதுகாப்பு தந்தன: பத்திரத்தால் பயனடைந்தவரே, அது அவளுக்கு வாசித்து விளக்கப்பட்டது, அவள் புரிந்துகொண்டுதான் எழுதினாள் என்று நிரூபிக்க வேண்டும். நாளடைவில் இது எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்களுக்கும் நீண்டது. தமிழ்நாட்டில் கோஷா குறைவு, கைநாட்டு அதிகம் என்பதால் இங்கே இந்த நீட்சிதான் பயன்பட்டது.

பத்திரப் பதிவு இந்தக் காவலைச் செய்யும் என்று பலர் நம்புவது பிழை. 1908-இன் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் கேட்க வேண்டியது, இதை எழுதிக்கொடுத்தவர் நீங்கள்தானா என்பது. ஏன் எழுதிக்கொடுக்கிறீர்கள் என்று அவர் கேட்பதில்லை. உடல் முடியாதவரின் வீட்டுக்கே சென்று பதிவுசெய்யவும் அந்தச் சட்டம் வழி வைத்திருக்கிறது. நல்ல எண்ணத்தில் வைத்த வழிதான். வாரிசுகள் சூழ்ந்து நிற்கும் அறையில் அது எப்படிப் பயன்படும் என்பது சூழ்ந்து நிற்பவர்களைப் பொறுத்தது.

உரிமையின் அளவு மாறத் தொடங்கியது 1937-இல். தேஷ்முக் சட்டம் என்று அழைக்கப்பட்ட இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம், கூட்டுக் குடும்பத்தில் இறந்தவனின் மனைவிக்கும் அவன் பங்கைக் கொடுத்தது, பழைய கட்டோடுதான். மாகாணங்களின் விவசாய நிலத்துக்கு அந்தச் சட்டம் செல்லாது என்று பெடரல் நீதிமன்றம் 1941-இல் சொல்லிவிட்டது. நிலமே சொத்தாக இருந்த நாட்டில் இது பாதிக்கு மேல் பறித்துக்கொண்டதற்குச் சமம். சென்னை மாகாணம் 1947-இல் தனிச் சட்டம் இயற்றி விவசாய நிலத்தையும் சேர்த்தது. முஸ்லிம்களுக்கு மத்தியச் சட்டம் ஒதுக்கிவிட்ட விவசாய நிலத்தைச் சென்னை 1949-இல் ஷரீஅத்தின் கீழ்க் கொண்டுவந்தது; அதன்படி பிள்ளைகளை விட்டு இறந்த மகனின் சொத்தில் தாய்க்கு ஆறில் ஒரு பங்கு, மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு.

1956 ஜூன் 17-இல் நடைமுறைக்கு வந்த இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு பின்னுரிமையாளர் என்ற இனத்தையே ஒழித்தது. பெண் கைவசம் வைத்திருக்கும் சொத்து முன்பு வந்ததானாலும் பின்பு வந்ததானாலும் அவளுக்கே முழுச் சொந்தம். ஜீவனாம்சத்துக்காகக் குறுகிய உரிமையோடு கொடுத்த நிலமும் அப்படியே முழு உரிமையாகும் என்று 1977-இல் துளசம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் விரித்துக் கூறியது. நெல்லூர் நீதிமன்றத்தில் 1944-இல் ஜீவனாம்சம் கேட்டுத் தொடங்கிய கைம்பெண் ஒருவரின் வழக்கு அது. மகனை இழந்த தாயும் இந்தச் சட்டத்தில் முதல் வகுப்பு வாரிசு. மருமகளோடும் பேரப்பிள்ளைகளோடும் சம பங்கு பெறுகிறாள். தந்தை இரண்டாம் வகுப்புக்குப் போனார். முதல் வகுப்பில் ஒருவர் இருந்தாலும் அவருக்கு ஒன்றுமில்லை. இறந்தவர் கணவனானால் மனைவி என்ற முறையில் அவளைப் பங்குக்காரியாக ஊர் ஏற்றுக்கொள்கிறது. இறந்தவர் மகனானால் தாய்க்குப் பங்கு உண்டு என்பதே பலருக்கு வாரிசுச் சான்றிதழில் அவள் பெயரைப் பார்க்கும்போதுதான் தெரிகிறது. அடுத்து வருவது, அந்தப் பங்கை அவள் விட்டுக்கொடுப்பதாக எழுதிவாங்கும் விடுதலைப் பத்திரம்.

முழு உரிமை பழைய கேடயத்தையும் எடுத்துவிட்டது. 1956-க்கு முன் அவளை நெருக்கி வாங்கிய நிலம் நிலைக்காது. பின்னாலோ அவள் ஒரு கையெழுத்துப் போட்டால் அது கடைசிக் கையெழுத்து. சட்டம் இதை முற்றிலும் மறந்துவிடவில்லை. 22-ஆம் பிரிவின்படி முதல் வகுப்பு வாரிசு ஒருவர் தம் பங்கை விற்க முற்பட்டால் மற்ற வாரிசுகளுக்கு வாங்க முன்னுரிமை உண்டு. விலை ஒத்துவராவிட்டால் நீதிமன்றம் நிர்ணயிக்கும். விவசாய நிலத்துக்கும் இது பொருந்தும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. குடியிருக்கும் வீட்டில் ஒரு மகன் தன் பிரியாத பங்கை வெளியாருக்கு விற்று, அந்த வெளியாரை விட்டு மற்றவர்களை நெருக்குவது பழைய தந்திரம். சொத்து மாற்றுச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு அப்படி வாங்கியவர் வீட்டுக்குள் கூட்டாகக் குடியேறுவதைத் தடுக்கிறது. அவர் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், 1893-இன் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு குடும்பத்தாரே நீதிமன்ற மதிப்பில் அந்தப் பங்கை வாங்கிக்கொள்ள விடுகிறது. இந்த இரண்டும் வெள்ளைக்காரர் காலத்தவை, இன்றும் உயிரோடிருப்பவை.

குடும்பங்கள் தாமாகக் கண்டுபிடித்த காவல் உயில். மனைவி தன் ஆயுள்வரை அனுபவித்து வர வேண்டியது, அவளுக்குப் பின் பிள்ளைகளுக்கு என்று கணவன் எழுதிவைத்தால், இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு அந்தக் கட்டை ஏற்கிறது. விற்கும் உரிமை அவளிடம் இல்லாததால் விற்கச் சொல்லி நெருக்குவதிலும் பயனில்லை. ஒழிந்துபோன கைம்பெண் பாத்தியம் இப்படிக் கணவன்மார் கையால் கொல்லைப்புறமாகத் திரும்பி வந்திருக்கிறது. 1989 மார்ச் 25 முதல் தமிழ்நாட்டிலும் 2005 செப்டம்பர் 9 முதல் நாடெங்கும் மகள்கள் கூட்டுச் சொத்தில் பிறப்புரிமை பெற்றார்கள். தாயைச் சுற்றி நிற்கும் பங்குக்காரர் எண்ணிக்கை கூடியது. தாயின் பக்கம் நின்று பேசக்கூடியவர் எண்ணிக்கையும் கூடியது.

2007-இன் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தோடு சட்டத்தின் பார்வை கடைசியாக நிலத்திலிருந்து ஆளிடம் திரும்பியது. தேசவழமைத் தொகுப்பு முறையிட்ட அதே நிலையைத்தான் அதன் 23-ஆம் பிரிவு கையாள்கிறது. அறுபது வயது நிரம்பியவர், தம்மைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக்கொடுத்து, பெற்றவர் கவனிக்காவிட்டால் அந்தப் பத்திரம் வஞ்சனையாலோ வற்புறுத்தலாலோ பெற்றதாகக் கொள்ளப்படும். தீர்ப்பாயம் அதை ரத்துசெய்யலாம். தமிழ்நாட்டில் கோட்ட அளவிலான வருவாய் அதிகாரியே தீர்ப்பாயத்தின் தலைவர். நிபந்தனை பத்திரத்தில் இருந்தாக வேண்டுமா என்பதில் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. நிபந்தனை இருந்ததைக் காட்டியாக வேண்டும் என்று 2022 டிசம்பரில் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இறுக்கிப் பிடித்தது. 2025 ஜனவரி 2-இல், மத்தியப் பிரதேசத்துத் தாய் ஒருவர் மகனுக்குக் கொடுத்த தானப் பத்திரத்தை ரத்துசெய்தபோது, முதியோர் நலனுக்காக இயற்றிய சட்டத்தைத் தாராளமாகவே பொருள்கொள்ள வேண்டும் என்றது.

இந்தச் சட்டமும் எல்லா நெருக்குதலையும் பிடிப்பதில்லை. பிள்ளைகள் வற்புறுத்தி, தாய் வெளியாருக்கு விலைக்கு விற்று, பணத்தைப் பிள்ளைகள் பிரித்துக்கொண்டால் 23-ஆம் பிரிவு எளிதில் துணைக்கு வராது. வாங்கியவர் கவனித்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்தவர் அல்லர். அப்போது அவளுக்கு மிஞ்சுவது 1872-இன் ஒப்பந்தச் சட்டத்தின் 16-ஆம் பிரிவும் உரிமையியல் நீதிமன்றமும்தான். பத்திரத்தை ரத்துசெய்யக் கோரும் வழக்குக்கு, அதற்கான காரணம் அவளுக்குத் தெரியவந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் கெடு.